எக்ஸிபிஷனில் பார்த்த பூல் ஜாம்பவான்கள்: உங்கள் நினைவுகளை எழுதுங்கள்

வெள்ளைப்பந்து எழுதியது:

ஸ்னூக்கரைப் பற்றி இங்கே நிறையப் பேசியாகிவிட்டது. 1882இல் ஊட்டி கிளப்பில் மாட்டிய விதிகள் வரைக்கும் போய்வந்தோம். அதன் அமெரிக்க உறவான பூல் ஆட்டத்தின் பக்கம் யாரும் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை, அதனால் இந்த இழை.

பெரிய ஆட்டக்காரர் யாரையாவது எக்ஸிபிஷனில் நேரில் பார்த்திருக்கிறீர்களா? நான் கேட்பது டோர்னமென்ட்டை அல்ல. ஒரு பூல் பார்லருக்கோ காலேஜுக்கோ வருவார், உள்ளூர் ஆள் ஒருவரோடு ஆடுவார், அப்புறம் ட்ரிக் ஷாட், கேள்வி பதில், கையெழுத்து. அந்த மாதிரி.

நான் பார்த்தது மைக் மாஸியை. தொண்ணூறுகளில் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, நாங்கள் வழக்கமாகப் போகும் பார்லருக்கு வந்தார். நல்ல உயரம், அகன்ற தோள். ‘டென்னசி டார்ஜான்’ என்று பட்டப்பெயர். முதல் கால் மணி நேரம் பந்தடிக்கும் கோலான க்யூவைக் கையிலேயே எடுக்கவில்லை. வெள்ளைப் பந்தைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பிடித்து ஒரு சுண்டு. பந்து போகும், வளையும், எதிர்க் குஷனில், அதாவது டேபிளின் ரப்பர் விளிம்பில் பட்டு நேர்மாறான பக்கம் ஓடும். வெறும் விரலாலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் பந்துகளை பாக்கெட்டுக்குள் போட்டார்.

அடுத்து மஸ்ஸே. க்யூவைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, பந்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே குத்துவது. முன்வரிசையில் நின்ற எங்களை ஓர் அடி பின்னால் போகச் சொன்னார். அடித்ததும் பந்து முன்னால் வழுக்கிக்கொண்டு போனது, நின்றது, நின்ற இடத்திலேயே சுற்றியது, பிறகு கயிறு கட்டி இழுத்தது போலத் திரும்பி வந்தது. அந்த ஒரு நொடி நிற்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. டிவியில் அது தெரியாது. கிட்டத்தில் நின்றால் பந்து துணியைத் தேய்க்கும் சத்தம்கூடக் கேட்கும். ஷாட் முடிந்த பிறகு பச்சைத் துணியில் ஒரு வெள்ளைப் புள்ளி, துணி சூடேறிக் கருகிய தடம்.

கடைசியில் கௌபாய் பூட்ஸைத் தரையில் நிறுத்தி, டேபிளிலிருந்து பந்தை எகிறவைத்து அதற்குள் விழவைத்தார். கூடம் அதிர்ந்தது.

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

மூணாம்குஷன் எழுதியது:

அண்ணே, நல்ல இழை. ஆனால் ட்ரிக் ஷாட்டை வைத்து ஒருவரை ஜாம்பவான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டர்ஃபிளை ஷாட் இருக்கிறதே, ஒரே அடியில் ஆறு பந்தும் ஆறு பாக்கெட்டில் விழும். பார்க்க பிரமாதம்தான். ஆனால் பந்துகளை ஒட்டி அடுக்குகிற கோணத்திலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். சரியாக அடுக்கிக் கொடுத்தால் சுமாராக ஆடுகிறவர்கூடப் போட்டுவிடுவார்.

எனக்கு எக்ஸிபிஷன் என்றால் அமெரிக்க பூல் சாம்பியன் வில்லி மாஸ்கோனிதான். 1954 மார்ச் 19, ஒஹாயோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்ட். உள்ளூர் அமெச்சூர் ஒருவரோடு ஆடிய எக்ஸிபிஷன் ஆட்டத்தில், தவறவிடாமல் தொடர்ந்து 526 பந்துகள். ட்ரிக் ஷாட்டுக்காக அடுக்கி வைத்த பந்து ஒன்றுகூட இல்லை. பார்த்தவர்கள் 35 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்ட சான்றுப் பத்திரம் இருக்கிறது. நேரில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டியது இதுதான்.

வெள்ளைப்பந்து எழுதியது:

மாஸ்கோனி பற்றி மறுபேச்சே இல்லை. ஆனால் அடுக்குவதை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடாதீர்கள் தம்பி. மாஸி அடுக்கியதை நான் ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தேன். பந்தை வைத்து, மேலே இன்னொரு பந்தால் லேசாகத் தட்டுவார். துணியில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்து பந்து அசையாமல் உட்காரும். இரண்டு பந்து ஒட்டும் இடத்தில் உராய்வு அதிகமானால் பந்து கோட்டைவிட்டு விலகிப் போகும்; குறைந்தால் நேராகப் போகும். சில ஷாட்டுக்கு அந்த இடத்தை ஈர விரலால் தொடுவார்கள், சிலதற்குச் சாக் தூள் வைப்பார்கள். மழைக்காலத்தில் துணி ஈரமேறி கனத்திருக்கும், குஷன் வேறு மாதிரித் துள்ளும்.

இதையெல்லாம் அவர் ஆடுவது யாருடைய டேபிளில்? முன்னே பின்னே பார்த்திராத டேபிளில். இன்று ஓர் ஊர், நாளை வேறு ஊர். டோர்னமென்ட்டில் தோற்றால் அடுத்த வாரம் இன்னொன்று இருக்கும். எக்ஸிபிஷனில் நூறு பேர் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஷாட் விழுந்தே ஆகவேண்டும்.

பழையசாக் எழுதியது:

இரண்டு தம்பிகளும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பார்த்தவரிடம் இரண்டுமே இருந்தது.

எண்பதுகளில் நியூ ஜெர்சியில் இருந்தேன். அந்த ஊர்க்காரர் ஸ்டீவ் மிஸராக். பெர்த் அம்பாயில் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1970 முதல் 1973 வரை யு.எஸ். ஓப்பன் ஸ்ட்ரெயிட் பூல் பட்டத்தைத் தொடர்ந்து நான்கு வருஷம் வாங்கினார். ஆனால் அமெரிக்காவில் அவரைத் தெருவில் அடையாளம் காணவைத்தது ஒரு பீர் விளம்பரம். பேசிக்கொண்டே ட்ரிக் ஷாட் போடுவார், அவ்வளவுதான் விளம்பரம். எக்ஸிபிஷனுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் அந்த ஷாட்டைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். அவரும் போட்டுக் காட்டினார்.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்த ஆட்டத்தை. உள்ளூர்ப் பையன் ஒருவனோடு ஸ்ட்ரெயிட் பூல். மிஸராக் கனத்த உடம்புக்காரர். ஆனால் க்யூவைப் பிடித்த விரல்களைப் பார்த்தால் வீணைக்காரர் விரல் மாதிரி. பையன் இரண்டு பந்து போட்டுத் தவறவிட்டான். அப்புறம் அவன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க வழியே இல்லை. ஒவ்வொரு ஷாட்டும் சுலபமாக இருந்தது. என் பக்கத்தில் இருந்தவர், இது நானே போடுவேனே என்றார். உண்மைதான், அந்த ஒரு ஷாட்டை அவரும் போடுவார். ஆனால் அடுத்த ஷாட்டும் அதே மாதிரிச் சுலபமாக இருக்கும்படி வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் நிறுத்துவது? அதுதான் இந்த ஆட்டம். அன்றைக்கு வெள்ளைப் பந்து பெரும்பாலும் அரை அடி, ஓர் அடிக்கு மேல் நகரவில்லை.

புதுரேக் எழுதியது:

ஐயா, ஸ்ட்ரெயிட் பூல் விதியைக் கொஞ்சம் சொல்ல முடியுமா? எனக்கு எயிட் பாலும் நைன் பாலும் மட்டும்தான் தெரியும். 526 பந்தைத் தொடர்ந்து எப்படிப் போட முடியும், டேபிளில் இருப்பதே 15 தானே?

பழையசாக் எழுதியது:

எந்தப் பந்தையும் போடலாம், எந்த பாக்கெட் என்று முன்னாலேயே சொல்லவேண்டும். பந்துக்கு ஒரு புள்ளி. 14 பந்து போட்டதும் நிறுத்தி, விழுந்த 14ஐயும் மறுபடி முக்கோணத்தில் அடுக்குவார்கள், உச்சி இடம் மட்டும் காலி. மீதியுள்ள ஒற்றைப் பந்து டேபிளில் எங்கே கிடக்கிறதோ அங்கேயே இருக்கும். ஆட்டக்காரர் அந்த ஒற்றைப் பந்தைப் போடவேண்டும், அதே அடியில் வெள்ளைப் பந்து முக்கோணத்தில் மோதி அதை உடைக்கவும் வேண்டும். உடையாவிட்டால் அடுத்துப் போட வசதியான பந்து இருக்காது.

அதனால் கெட்டிக்காரன் நாலைந்து பந்து இருக்கும்போதே, இதில் எது கடைசியாக நிற்கவேண்டும் என்று தேர்ந்து வைத்துவிடுவான். மிஸராக் ஒரு பந்தைத் தொடாமலே சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார். முக்கோணத்துக்குப் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி நின்ற பந்து. எனக்கு அது ஏன் என்று புரியவில்லை. மற்ற எல்லாம் தீர்ந்து, மறுபடி அடுக்கிய பிறகுதான் புரிந்தது: அந்தப் பந்தைப் போடும்போது வெள்ளைப் பந்து தானாகவே கும்பலுக்குள் பாயும்.

ஒரு தடவை அடுக்கிய பந்துகளை ரேக் என்பார்கள். மாஸ்கோனி இதை ஏறத்தாழ 37 ரேக்குக்குத் தொடர்ந்து செய்தார். ஒவ்வொரு 14 பந்துக்கும் ஒரு தடவை கும்பலை உடைத்தாகவேண்டும், உடைந்தது எப்படிச் சிதறும் என்று யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. அத்தனை தடவையும் ஒரு வழி கண்டுபிடித்தார் பாருங்கள்.

தாவோடாக்டர் எழுதியது:

நான் மருத்துவம் படித்தது பிலிப்பைன்ஸில், தாவோவில். நம்மூர்ப் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர் படிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நாட்டில் எஃப்ரென் ரேயஸ் என்றால் ரிக்‌ஷாக்காரர் முதல் பேராசிரியர் வரை எல்லோருக்கும் முகம் மலரும்.

ஒரு மாலில் எக்ஸிபிஷன். கீழ்த்தளத்தில் நடுவே டேபிள் போட்டிருந்தார்கள். மூன்று மாடிக் கைப்பிடிச் சுவரிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டாம் மாடி. மேலிருந்து பார்த்ததால் எனக்கு ஒரு லாபம்: பந்து போகும் பாதை முழுசாகத் தெரிந்தது.

கூட்டத்திலிருந்து ஒருவரை அழைத்து ஒரு ரேக், அதாவது ஓர் ஆட்டம், ஆடினார்கள். அந்த மனிதர் தன்னால் போட முடியாது என்று தெரிந்ததும் வெள்ளைப் பந்தை இரண்டு பந்துகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். ரேயஸ் தலையைச் சொறிந்தார், சிரித்தார். குனிந்து குஷனைப் பார்த்தார். பிறகு மென்மையாக ஓர் அடி. வெள்ளைப் பந்து மூன்று குஷனில் பட்டுச் சுற்றி வந்து, மறைந்திருந்த பந்தைத் தொட்டு அதை மூலை பாக்கெட்டுக்குள் தள்ளியது. மூன்று மாடியும் ஒரே கத்தல். எதிரே ஆடியவரே கைதட்டினார்.

இதற்கு அடித்தளம் எங்கே என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மணிலாவில் மாமாவின் பூல் ஹாலில் வளர்ந்தவர், ராத்திரியில் டேபிளின் மேலேயே படுத்துத் தூங்கியவர். இளவயதில் கேரம் பில்லியர்ட்ஸும் ஆடியிருக்கிறார். அதில் பாக்கெட்டே கிடையாது, எல்லாமே குஷன் கணக்கு. 1985இல் அமெரிக்கா போய், ஹூஸ்டனில் சீசர் மொராலஸ் என்ற பெயரில் ஆடினார். சொந்தப் பெயர் அதற்குள் அங்கே பரவியிருந்தது, தெரிந்தால் யாரும் ஆட வரமாட்டார்கள். 1994இல் யு.எஸ். ஓப்பன் நைன் பால் வென்றார், அமெரிக்கர் அல்லாத ஒருவர் அதை வென்றது அதுவே முதல் தடவை. 1999இல் கார்டிஃபில் உலகப் பட்டம்.

என் பேட்ச் பிள்ளைகள் சிலர் அன்றைக்கு மாலுக்கு வேறு வேலையாக வந்தவர்கள். பூல் என்றால் என்னவென்றே தெரியாது. ஆட்டம் முடிகிறவரை ஒருவரும் நகரவில்லை.

மூணாம்குஷன் எழுதியது:

அருமை டாக்டர். 1996இல் ஹாங்காங்கில் அமெரிக்க சாம்பியன் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டோடு ரேயஸ் ஆடியதையும் சொல்லவேண்டும். முதலில் 120 ரேக் எடுப்பவருக்கு ஒரு லட்சம் டாலர், தோற்றவருக்கு ஒன்றுமில்லை. மூன்று நாள் ஆடி 120-117 என்று ரேயஸ் ஜெயித்தார். மூன்றே ரேக் வித்தியாசம்! எக்ஸிபிஷன் என்று சொல்ல முடியாது, ஆனாலும் அதை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

மஞ்சள்ஒன்று எழுதியது:

எல்லோரும் ஆண் ஆட்டக்காரர்களையே சொல்கிறீர்கள். நான் ஜெனட் லீயைப் பார்த்தேன்.

அமெரிக்காவில் கணவரின் அலுவலகம் நடத்திய குடும்ப விழா. ‘பிளாக் விடோ’ வருகிறார் என்றதும் ஆண்கள் எல்லோரும் முன்னால் போய் நின்றுகொண்டார்கள். கறுப்பு உடை, கறுப்புக் கையுறை. கொரிய-அமெரிக்கர், புரூக்ளினில் பிறந்தவர். தொண்ணூறுகளில் பெண்கள் தரவரிசையில் முதலிடம் பிடித்தவர், 2001இல் உலக விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கியவர்.

எனக்கு அப்போது தெரியாத ஒன்று: சிறு வயதிலிருந்தே அவருக்கு முதுகெலும்பு வளைவு. அறுவை செய்து உலோகக் கம்பி வைத்திருக்கிறார்கள். பூலில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடுப்பை மடித்துக் குனியவேண்டும். அன்று மாலை முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, ஒவ்வொருவரோடும் சிரித்துப் பேசி, போட்டோவுக்கு நின்றார். ஷாட்டுகளுக்கு நடுவே க்யூவை ஊன்றிக்கொண்டு ஒரு கணம் நிற்பார். அதை நான் ஸ்டைல் என்றே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளைக் கூப்பிட்டு, ஸ்டூலில் ஏற்றி, க்யூவைப் பிடிக்க இடது கையை எப்படி வைப்பது என்று விரல் விரலாகச் சரிசெய்தார். மற்றவர்கள் காத்திருக்கட்டும் என்று அவசரமே படவில்லை. குழந்தை பந்தைப் போட்டதும் அவர்தான் முதலில் கைதட்டினார். 2021இல் அவருக்குக் சினைப்பைப் புற்றுநோய், நான்காம் நிலை என்று செய்தி வந்தபோது மகள் போன் செய்து அழுதாள். அவளுக்கும் அந்த நாள் நினைவிருந்திருக்கிறது.

டோர்னமென்ட்டில் இது நடக்காது. அங்கே நாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம்.

பழையசாக் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இன்னொரு பெயர் எழுதவேண்டும் என்று தோன்றியது. சிசரோ மர்ஃபி. கறுப்பர் என்பதால் பெரிய பட்டப் போட்டிகளுக்குப் பல வருஷம் அவரை அழைக்கவே இல்லை. 1965இல் கலிஃபோர்னியாவின் பர்பேங்க்கில் கடைசியில் இடம் கொடுத்தார்கள். போன முதல் தடவையிலேயே பட்டத்தை வாங்கிவந்தார். மாஸ்கோனி, டேபிள் தயாரிக்கும் பிரன்ஸ்விக் கம்பெனியின் செலவில் ஊர் ஊராக எக்ஸிபிஷன் ஆடிய அதே காலத்தில், இப்படிப்பட்ட ஒருவர் கதவுக்கு வெளியே நின்றார். அந்த வருஷங்களில் அவர் ஆடியதைப் பார்க்காமல் போனவர்களுக்கு அது பெரிய நஷ்டம்.

புதுரேக் எழுதியது:

யூடியூபில் மாஸ்கோனியும் மினசோட்டா ஃபேட்ஸும் ஆடியதைப் பார்த்தேன். ஃபேட்ஸ் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். அது நிஜப் போட்டியா, நாடகமா?

மூணாம்குஷன் எழுதியது:

நிஜப் போட்டிதான். 1978 பிப்ரவரி 14, நியூயார்க் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டல், ஏபிசி டிவி, வர்ணனை ஹோவர்ட் கோசெல். மாஸ்கோனி ஜெயித்தார். ஃபேட்ஸின் நிஜப் பெயர் ருடால்ஃப் வாண்டரோன். 1961இல் பூல் ஆட்டக்காரர்களைப் பற்றிய ‘தி ஹஸ்ட்லர்’ படம் வந்த பிறகு, அதில் வரும் மினசோட்டா ஃபேட்ஸ் நான்தான் என்று சொல்லி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். அந்தப் படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகர் மாஸ்கோனி. கோட்டு சூட்டில் ஆடி, பூலுக்கு மரியாதை வரவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பாடுபட்ட அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அதுதான் அந்த வீடியோவில் அவர் முகத்தில் தெரிகிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். பூல் பக்கமே வராத ஜனங்களை டிவி முன்னால் உட்காரவைத்தது ஃபேட்ஸின் வாய்தான்.

வெள்ளைப்பந்து எழுதியது:

கூட்டத்தை உட்காரவைப்பது என்றால் பழைய சாம்பியன் ரால்ஃப் கிரீன்லீஃபை விடக்கூடாது. 1920களில் அவர் நியூயார்க் பேலஸ் தியேட்டர் மேடையிலேயே ஆடினார். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு டேபிளின் மேல்பரப்பு தெரியாது என்பதால் மேலே பெரிய கண்ணாடியைச் சாய்த்துத் தொங்கவிட்டார்கள். டாக்டர் இரண்டாம் மாடியில் நின்று பார்த்தாரே, அந்தப் பார்வை தியேட்டரில் எல்லோருக்கும் கிடைத்தது. 1933இல் இளைஞன் மாஸ்கோனி அவரோடு ஊர் ஊராகப் போய் எக்ஸிபிஷன் ஆடினார். தினமும் கிரீன்லீஃப் ஆடுவதைப் பார்த்துத்தான் மாஸ்கோனிக்கு அந்த ஆட்டம் படிந்தது.

புதுரேக் எழுதியது:

ஒரு சந்தேகம். மாஸ்கோனியின் 526 வழக்கமான ஒன்பதடி டேபிளில் இல்லை, சிறிய எட்டடி டேபிளில் என்கிறார்கள். 2019இல் ஜான் ஷ்மிட் 626, 2022இல் ஜேசன் ஷா 714. இனி மாஸ்கோனி பெயரை எடுத்துவிடலாம் இல்லையா?

பழையசாக் எழுதியது:

தம்பி, எண்ணிக்கையில் இவர்கள் முந்தியது உண்மை. அதை யாரும் மறுக்கவேண்டாம். இரண்டையும் ஒரே பட்டியலில் போடுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

ஷ்மிட் மாதக்கணக்கில் கேமராவை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்றார். எதிராளி கிடையாது, தவறினால் மறுபடி ஆரம்பிக்கலாம். ஷாவும் சாதனைக்கென்றே நடத்திய முயற்சிகளில்தான் அதைச் செய்தார். இரண்டுமே பெரிய சாதனை, வீடியோ இருப்பதால் நாமும் உட்கார்ந்து பார்க்க முடிகிறது.

மாஸ்கோனி போனது ஒரு சாயங்காலம் ஊர்க்காரர்களுக்கு ஆடிக் காட்ட. அந்த ஹாலில் என்ன டேபிள் கிடந்ததோ அதில் ஆடினார். எட்டடியில் தூரம் குறைவு, ஷாட் சுலபம், சரி. ஆனால் இடமும் குறைவு, பந்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 200 புள்ளி வந்ததும் ஆட்டம் முடிந்தது, அவர் ஜெயித்தாகிவிட்டது. கூட்டத்துக்காகத்தான் மேலே ஆடிக்கொண்டே போனார். இரண்டு மணி நேரத்துக்கு மேல். நாளைக்கு நம் பக்கத்துப் பார்லருக்கு ஷாவோ வேறு யாரோ வந்து, அங்கே கிடக்கிற டேபிளில் முதல் தடவையிலேயே அந்த எண்ணிக்கையைத் தாண்டட்டும். அன்றைக்கு நானே இங்கே வந்து முதல் பதிவு போடுகிறேன்.